அண்ணா நகர்ல வீடு வாங்குறவங்க எதை வாங்குறாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை உங்க ரியல் எஸ்டேட் பக்கத்துல அண்ணா நகரைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, இங்க வீடு வாங்கிப் போட்டா என்னைக்கும் நஷ்டமே வராதுங்கிற மாதிரி. சதுர அடி ரேட்டு, மெட்ரோ எவ்ளோ பக்கம், எந்த ஸ்கூல், எந்த ஆஸ்பத்திரின்னு எல்லாத்தையும் எழுதிட்டு கடைசில மரங்கள் அடர்ந்த அமைதியான பகுதின்னு ஒரு வரி. அதுக்கு நேர் கீழயே அரைப் பக்கத்துக்கு விளம்பரம், ஸ்டில்ட் (கார் நிறுத்த தூண் மட்டும் வெச்ச கீழ்த்தளம்) பிளஸ் அஞ்சு மாடி, மூணு பெட்ரூம், பசுமையின் மடியிலாம். அந்த மனை எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கு, அங்க இருந்த ரெண்டு மாமரமும் ஒரு நெல்லி மரமும் விளம்பர போர்டு நடுறதுக்கு முன்னாடியே போயாச்சு.

நான் 80-கள் கடைசிலேர்ந்து அண்ணா நகர் மேற்குல குடியிருக்கேன். பேங்க்ல ஹோம் லோன் செக்‌ஷன்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவ, அதனால இந்த ஏரியா பத்திரங்களை டேபிள்ல வெச்சுப் பார்த்தும் பழக்கம், சாயங்காலம் அதே தெருவுல நடந்தும் பழக்கம். என்னைக் கேட்டா இங்க யாரும் கட்டடத்துக்காக கோடி கோடியா குடுக்கல, அடி மண்ணுக்கும் அகலமான ரோட்டுக்கும் நெழலுக்கும்தான் குடுக்குறாங்க. ஆனா அவங்க கையில குடுக்குறது என்னமோ பெரும்பாலும் கட்டடத்தைத்தான். அந்தக் கட்டுரையில இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அதான் எழுத உக்காந்தேன்.

இந்த இடமெல்லாம் முன்னாடி நடுவங்கரை கிராமம். 1968-ல இங்க உலக வர்த்தகக் கண்காட்சி நடந்துச்சு, டவர் பார்க்ல நிக்குற கோபுரம் அப்பக் கட்டினதுதான், 2011-ல மேல ஏற விடாம மூடி வெச்சு திரும்ப 2023-லதான் திறந்து விட்டாங்க. கண்காட்சிக்கு அப்புறம் வீட்டு வசதி வாரியம் அவென்யூ, மெயின் ரோடு, பிளாக்குன்னு கோடு போட்டு பிரிச்சு எல்ஐஜி, எம்ஐஜி, ஹெச்ஐஜின்னு எல்லா வருமானத்துக்காரங்களுக்கும் ஒதுக்குனாங்க. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாதிரி தானா வளர்ந்த ஊர் இல்ல இது, பேப்பர்ல வரைஞ்சு பொறந்த ஊர். ரோடு அகலமா விட்டதாலதான் ரெண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரமும் வேம்பும் மஞ்சப் பூ கொட்டுற கொன்றையும் அந்த அளவுக்கு வளர எடம் கெடைச்சுது.

இப்ப அந்த அகல ரோடே வினையா வந்து நிக்குது. 2019-ல வந்த கட்டட விதிகள்ல எஃப்எஸ்ஐ, அதாவது மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டடம் கட்டலாம்ங்கிற கணக்கு, 1.5-லேர்ந்து 2 ஆச்சு, அது போதாம ரோடு எவ்ளோ அகலமோ அதுக்குத் தக்கபடி காசு கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வேற வாங்கிக்கலாம், உயரமும் 18.30 மீட்டர் வரைக்கும் ஹைரைஸ் கணக்குல வராது. பத்தடி சந்துல நெனைச்சுக்கூடப் பார்க்க முடியாத கட்டடம் எங்க தெருவுல சட்டப்படியே எழும்பும், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஒரு குடும்பம் இருந்த தனி வீட்டை இடிச்சா அங்க எட்டு குடும்பம் வருது, எட்டு குடும்பத்துக்கு பதினாறு கார், மூணு மாடி வீட்டுக்குப் போட்ட சாக்கடை பைப்பு மட்டும் அப்படியே இருக்கு.

சரி, வாங்குறவங்க விஷயத்துக்கு வர்றேன். ஃப்ளாட் பார்க்கப் போறவங்க கிச்சன் எப்படி, பால்கனி எந்தப் பக்கம், வாஸ்து சரியா இருக்கான்னு எல்லாம் கேக்குறாங்க, யூடிஎஸ் எவ்ளோன்னு கேக்குறவங்க இன்னும் கம்மிதான். நிலத்துல உங்க பேருக்கு எழுதிக் குடுக்குற பிரிக்கப்படாத பங்கு அது, பத்திரத்துல ஒரு ஓரத்துல ஒரு வரியா இருக்கும், ஆனா இந்த ஏரியாவுல உங்க சொத்தே அந்த வரிதான். எங்க பக்கத்துல 80-கள்ல கட்டின லிஃப்ட் இல்லாத மூணு மாடி பிளாக்ல 850 சதுர அடி ஃப்ளாட்டுக்கு 600 சதுர அடி யூடிஎஸ் வரைக்கும் பார்த்திருக்கேன். அதே தெருவுல இப்ப வர்ற புதுசுல 1,500 சதுர அடின்னு சொல்லி வித்துட்டு யூடிஎஸ் பார்த்தா 550-ஐத் தாண்ட மாட்டேங்குது, அந்த 1,500-லயும் படிக்கட்டு, லிஃப்ட், லாபி எல்லாத்துலயும் ஒரு பங்கை ஏத்தி விட்டிருப்பாங்க, உள்ள பாய் விரிச்சுப் படுக்குற எடம்னு பார்த்தா 1,050, 1,100 வந்தா பெரிசு. ரெண்டு மடங்கு விலை குடுத்து கம்மி மண்ணு வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்குனா பரவால்ல, லிஃப்ட் வேணும், கார் பார்க்கிங் வேணும், அதுக்கு குடுக்குற காசுன்னு வெச்சுக்கலாம், முதலீடுன்னு சொல்லி வாங்குறதுதான் எனக்குப் புரியல.

இன்னொண்ணு ரெரா, ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்துற சட்டம். ரெரா வந்துடுச்சு இனிமே பில்டர் ஏமாத்த முடியாதுன்னு எல்லாரும் தைரியமா இருக்காங்க. மனை 500 சதுர மீட்டருக்குள்ள இருந்தாலோ இல்ல மொத்தம் எட்டு வீட்டுக்குள்ள கட்டுனாலோ ரெரால ரிஜிஸ்டர் பண்ணத் தேவையில்லங்கிறது சட்டத்துலயே இருக்கு. ரெண்டு கிரவுண்டுன்னா 4,800 சதுர அடி, கணக்கு போட்டா 446 சதுர மீட்டர்தான் வருது! இங்க பழைய மனைங்க பெரும்பாலும் ஒரு கிரவுண்டு, ரெண்டு கிரவுண்டுதான், அப்போ இந்த ஏரியாவுல இடிச்சுக் கட்டுற சின்ன பிராஜெக்ட்ல பாதிக்கு மேல ரெரா கண்ணுலயே படாதுன்னுதான் அர்த்தம். பணம் கட்டி லேட் ஆனா நீங்களும் பில்டரும் போட்ட அக்ரிமென்ட்தான் கதி, அதுல என்ன எழுதியிருக்குன்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டுறதுக்கு ஆகுற செலவு, மாடுலர் கிச்சன் செலவுல கால்வாசி கூட ஆகாது.

பழைய ஃப்ளாட் வாங்குறது நல்லதுன்னு நான் சொல்வேன், ஆனா அதுலயும் முள்ளு இருக்கு. முதல்ல வாரிய ஒதுக்கீட்டு வீடுன்னா வாரியத்துலேர்ந்து ஒரிஜினல் அலாட்டி பேருக்கு கிரயப் பத்திரம் ஆயிருக்கான்னு பாருங்க, தவணை எல்லாம் கட்டி முடிச்சுட்டு பத்திரம் போடாமலேயே ஒதுக்கீட்டு ஆணையையும் ஒரு பவர் பத்திரத்தையும் வெச்சுக்கிட்டு கை மாத்தி கை மாத்தி வந்த வீடுங்க இன்னும் இருக்கு. மூலப் பத்திரம் ஜெராக்ஸ்ல இருக்குதுன்னு சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. ரெண்டாவது, இப்ப விக்கிறவங்க யாருன்னா வாங்குனவரோட பசங்க, ஒருத்தர் நியூஜெர்சியில, ஒருத்தர் சிட்னியில. வாரிசுச் சான்றிதழ்ல எல்லார் பேரும் இருக்கான்னு பார்க்கணும், கல்யாணமாகிப் போன பொண்ணு பேரை மறந்த மாதிரி விட்டுருப்பாங்க. அதோட, 50 லட்சமோ அதுக்கு மேலயோ உள்ள சொத்துக்கு ஒரு பர்சன்ட் டிடிஎஸ் (விலையிலேர்ந்து வாங்குறவங்க பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டுற வருமான வரி) பிடிக்கிறது இங்க இருக்குறவங்ககிட்ட வாங்குனாதான், விக்கிறவர் என்ஆர்ஐன்னா பிடிக்க வேண்டியது அதை விட ரொம்ப ஜாஸ்தி, பிடிக்காம விட்டா நோட்டீஸ் வாங்குனவங்க வீட்டுக்குத்தான் வரும், அவர் ஃப்ளைட் ஏறிப் போயிருப்பார்.

மூணாவது லோன். நாப்பது வருஷக் கட்டடம்னா வேல்யூவர் மீதி ஆயுசு எவ்ளோன்னு ரிப்போர்ட்ல எழுதுவார், பேங்க் அதுக்கு மேல தவணைக் காலம் குடுக்காது, 20 வருஷம் கேட்டா 12 வருஷம் தர்றேன்னு சொல்லும், மாசத் தவணை எகிறிடும். அதனாலதான் பழைய ஃப்ளாட்டுக்கு ஆள் கம்மி, விலையும் கொஞ்சம் இறங்கும். கையில பாதிக்கு மேல ரொக்கம் இருக்குறவங்களுக்கு இது நல்ல சான்ஸு, முழுசா கடன் வாங்கி வாங்குறவங்களுக்கு இல்ல.

அந்தப் பழைய பிளாக்கை இடிச்சு திருப்பிக் கட்டுற பேச்சு வந்தா என்ன ஆகும்னும் யோசிக்கணும். முன்னாடி ஒரே ஒரு ஓனர் முடியாதுன்னு உக்காந்தாலும் எல்லாம் நின்னுடும், இப்ப 2022 அடுக்குமாடிச் சட்டம் 2024 மார்ச்லேர்ந்து அமலுக்கு வந்துடுச்சு, மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க ஒத்துக்கிட்டா போதும். நல்ல சட்டம்தான், கம்பி துருத்திக்கிட்டு சீலிங் பெயர்ந்து விழற பிளாக்ல ஒருத்தரோட பிடிவாதத்துக்காக மத்தவங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாது. ஆனா கீழ் வீட்டுல எம்பது வயசுல தனியா இருக்குற அம்மாவுக்கு, ரெண்டரை வருஷம் வாடகை தர்றோம் வெளில போய் இருங்கன்னா அது சின்ன விஷயமா? எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பிளாக்ல பில்டர் (பேர் வேண்டாம்) ஒரு வருஷம் ஒழுங்கா வாடகை குடுத்துட்டு அப்புறம் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தார், அதுல ரெண்டு பேர் பென்ஷன்ல வாடகை கட்டிக்கிட்டு இருந்தாங்க. வாடகையை மொத்தமா முன்கூட்டியே எஸ்க்ரோ அக்கவுன்ட்ல (பில்டர் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத பொதுக் கணக்கு) போடச் சொல்லி அக்ரிமென்ட்ல எழுதுங்கன்னு நான் பார்க்குறவங்ககிட்ட எல்லாம் சொல்றேன், பாதிப் பேர் பில்டர் கோச்சுக்குவார்னு கேக்கவே மாட்டேங்குறாங்க.

இப்ப வாடகை. உங்க கட்டுரை சொல்றபடி ரெண்டு கோடிக்கு புது ஃப்ளாட் வாங்குறார்னு வெச்சுப்போம். புது ஃப்ளாட்டுக்கு 50 லட்சத்துலேர்ந்து 3 கோடி வரைக்கும் முத்திரைத் தீர்வை 5 பர்சன்ட், பதிவுக் கட்டணம் 2 பர்சன்ட், ஆக 14 லட்சம் அங்க போச்சு (கட்டி முடிக்காததுன்னா ஜிஎஸ்டி 5 பர்சன்ட் தனி). அவரு ஒண்ணரைக் கோடி லோன் போட்டா எட்டரை பர்சன்ட்ல இருபது வருஷத்துக்கு மாசம் 1,30,000 பக்கம் தவணை. வாடகைக்கு விட்டா? 45,000 வந்தா ஜாஸ்தின்னு வெச்சுக்கோங்க, வருஷத்துக்கு 5,40,000, போட்ட ரெண்டு கோடிக்கு 2.7 பர்சன்ட். மெயின்டனன்ஸ், சொத்து வரி, பெயின்ட், நடுவுல ஒரு மாசம் காலியா கெடக்குறது எல்லாம் கழிச்சா ரெண்டைத் தொடும். வட்டி எட்டரை, வரவு ரெண்டு, நடுவுல இருக்குற ஆறரையை நிலத்தோட விலை ஏறிதான் ஈடு கட்டணும், நிலமோ அவர் பேருல 550 சதுர அடிதான் இருக்கு. இதே கணக்கை திருப்பிப் போட்டா வாடகைக்கு இருக்குறவர் யோகக்காரர்! ரெண்டு கோடி வீட்டுல மாசம் 45,000-க்கு அதே நெழல்ல, அதே பார்க்ல நடக்குறார். இங்க வாழணும், பசங்களை இங்க படிக்க வைக்கணும்னு ஆசைப்படுற சின்ன வயசுக்காரங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், வாடகைக்கு வாங்க, சொந்தமா வாங்குறதை நிதானமா யோசிங்க. வாடகை காசு தண்டம்னு மாமனார் சொல்வார், சொல்லட்டும், வட்டி மட்டும் தண்டம் இல்லையா என்ன.

ஆனா வாடகைக்கு வர்றவங்களையும் இங்க நிம்மதியா விடுறதில்ல. பத்து மாச அட்வான்ஸ் கேக்குற பழக்கம் இன்னும் முழுசாப் போகல. 2019-லேர்ந்து அமல்ல இருக்குற வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு சொல்லுது, ஆனா அதுலயே வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துலன்னு ஒரு வாசலைத் திறந்து வெச்சிருக்காங்க, ஓனர்ங்க எல்லாரும் அந்த வாசல் வழியாத்தான் போறாங்க. எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும்னும் சட்டம் இருக்கு, ஆன்லைன்லயே பண்ணலாம், எங்க தெருவுல எத்தனை பேர் பண்ணியிருக்காங்கன்னு கேட்டா சிரிப்புதான் வரும், புரோக்கர் குடுக்குற பதினோரு மாச ஸ்டாம்ப் பேப்பர்தான் இன்னும் ஓடுது. காலி பண்ணும்போது பெயின்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையைக் கழிச்சுட்டுத்தான் மீதியைக் குடுப்பாங்க, அடுத்து வர்றவங்களுக்கு அந்தச் சுவத்துல ஒரு கோட்டிங் கூட அடிச்சிருக்க மாட்டாங்க. அப்புறம் வெஜிடேரியன் மட்டும், ஃபேமிலி மட்டும், பேச்சிலர் கூடாதுங்கிற டு-லெட் போர்டுங்க. இதே ஆளுங்கதான் வாடகை ரெண்டு மடங்கு வருதுன்னா வீட்டையே ஐஏஎஸ் கோச்சிங் பசங்களுக்கு ஹாஸ்டலா மாத்தி ஒரு ரூமுக்கு நாலு கட்டில் போடுறாங்க, அப்ப பேச்சிலர்னு ஒரு கவலையும் இல்ல. அந்தப் பசங்க பாவம், ராத்திரி பதினொரு மணிக்கு டீக்கடை வாசல்ல நின்னு அரசியலமைப்புச் சட்டம் பேசிக்கிட்டு இருக்கும்ங்க, அதுங்களாலதான் இந்த ஏரியா கொஞ்சம் உயிரோட இருக்குன்னு கூட எனக்குத் தோணும்.

மரத்துக்கு வர்றேன். 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல இங்க விழுந்த மரங்களை நேர்ல பார்த்தவங்களுக்குத் தெரியும், மறுநாள் காலையில தெருவே வேற ஊர் மாதிரி வெளிச்சமா இருந்துச்சு. எல்லாம் காத்தாலதான் விழுந்துச்சுன்னு சொல்லிட முடியாது, பல மரத்துக்கு வேரே இல்ல. மழைநீர் வடிகால் கட்டும்போது ஒரு பக்க வேரை வெட்டிடுறாங்க, பிளாட்பாரம் போடும்போது இன்னொரு பக்கம், அப்புறம் அடிமரத்தைச் சுத்தி ஒரு ஜாண் மண்ணு விடாம டைல்ஸ் ஒட்டிடுறாங்க, தண்ணி எங்கேர்ந்து இறங்கும்? புது அபார்ட்மென்ட் வரும்போது கேட்டு எப்பவும் மரத்துக்கு நேராத்தான் வரும், எப்படித்தான் அமையுமோ தெரியல. ரோட்டு மரத்தை வெட்டணும்னா மாவட்ட பசுமைக் குழுகிட்ட அனுமதி வாங்கணும், அது இருக்கு. அதனால நேரா வெட்ட மாட்டாங்க, முதல்ல கரண்டு வயர்ல உரசுதுன்னு ஒரு பக்கக் கிளையை எடுப்பாங்க, அப்புறம் இன்னொரு பக்கம் சாயுதுன்னு அதையும் எடுப்பாங்க, ரெண்டு வருஷத்துல மொட்டையா நிக்கும், அப்புறம் ஆபத்தான மரம்னு லெட்டர் குடுக்க வேண்டியதுதான் பாக்கி. காம்பவுண்டுக்கு உள்ள இருக்குற மாமரம், தென்னை, முருங்கைக்கு அந்த அனுமதிப் பேச்சு கூட எழுறதில்ல. பெரிய லே-அவுட்டுக்கு பத்து பர்சன்ட் திறந்தவெளி விடணும்னு விதி இருக்கு, அது 3,000 சதுர மீட்டர்லேர்ந்துதான், ரெண்டு கிரவுண்டு மனையில சுத்தி கார் போற வழி விட்டு காங்கிரீட் போட்டா முடிஞ்சுது. நெழல்னு சொல்லித்தான் விக்கிறாங்க, விக்கிறதுக்காக அதையேதான் வெட்டுறாங்க. இப்படியே போனா இன்னும் பதினஞ்சு வருஷத்துல வாங்குறவங்க என்ன நெழலுக்கு கூடுதலா காசு குடுப்பாங்கன்னு பில்டருங்க யோசிக்கிற மாதிரி தெரியல.

ஓட்டேரி நல்லாங்கிற கால்வாய் ஓரமா இருக்குற தெருக்கள்ல வீடு பார்க்குறவங்க 2015 டிசம்பர்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு புரோக்கர்கிட்ட கேக்காம எதிர்வீட்டு வாட்ச்மேன்கிட்டயோ இஸ்திரிக்காரர்கிட்டயோ கேளுங்க, சுவத்துல கை வெச்சுக் காட்டுவாங்க.

உங்க பேப்பர் மேல எனக்கு வருத்தம் எல்லாம் இல்ல, காலையில காபியோட அதைத்தான் படிக்கிறேன். ஒரே ஒரு கோரிக்கை. சனிக்கிழமை பக்கத்துல ஏரியா வாரியா ரேட்டு போடுறீங்க இல்லையா, அதுல சதுர அடி விலைக்குப் பக்கத்துல யூடிஎஸ் எவ்ளோ, கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்கு உள்ள நெஜமா புழங்குற எடம்) எவ்ளோ, ரெரா நம்பர் இருக்கா இல்லையான்னு மூணு கட்டம் சேர்த்துப் போடுங்க. விளம்பரம் குடுக்குறவங்ககிட்டயும் இந்த மூணும் இல்லாம விளம்பரம் எடுக்க மாட்டோம்னு சொல்ல முடியுமான்னு பாருங்க. முடியலன்னா பரவால்ல, அட்லீஸ்ட் கட்டுரையும் விளம்பரமும் ஒரே பக்கத்துல வராத மாதிரியாவது பார்த்துக்கோங்க சார்.

இப்படிக்கு,
அண்ணா நகர் மேற்கு வாசகி